அயல்மொழியும் அன்றாடப் பழக்கமும்

“சிங்களம் விரைவாகக் கற்பதற்கு என்ன செய்யவேண்டும்?” “ஆங்கிலம் ஆறு மாதத்தில் வருமா?” மலையகப் பாடசாலைகளில் ஆசிரியராக இருப்போர் இவ்விரு வினாக்களையும் எதிர்கொள்ளாத ஆண்டு இல்லை. வினவுவோர் பெரும்பாலும் பத்தாம், பதினோராம் வகுப்பு மாணவர். சிலவேளை அவர்களுடைய பெற்றோர். நகரத்துச் சுவர்களில் ஒட்டப்பட்ட விளம்பரங்களோ முப்பது நாள் என்றும் மூன்று மாதம் என்றும் தவணை சொல்லி அவர்களை அழைக்கின்றன. பணம் கட்டிச் சேர்ந்தவர்களுட் பலர், தவணை முடிந்ததும் குறிப்புப் புத்தகத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகின்றனர். மொழி பெட்டிக்குள் இருக்கிறது, நாவிற்கு வரவில்லை.

இவ்வாறு நேர்வதற்கு மாணவரின் மந்தபுத்தி காரணம் என்று சொல்லுவார் உளர். அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை. மொழி கற்றலை நாம் ஒரு பரீட்சையாக எண்ணுகிறோமேயன்றி ஒரு பழக்கமாக எண்ணுவதில்லை. பல் துலக்குவதைப் போல, முற்றம் கூட்டுவதைப் போல, நாள்தோறும் குறித்த வேளையிற் செய்யப்படும் சிறு செயலாக அது அமையும்போது, விரைவு தானே வந்துசேர்கிறது. இதுவே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்பும் கருத்து. இது புதிய கருத்தன்று. எனினும், நமது மலைநாட்டில் இதன் அவசியம் எவ்வளவு என்பதை நாம் இன்னும் முழுமையாக உணர்ந்தோமில்லை.

அயல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. பிறிது என்பது ஒன்று. பக்கம் என்பது மற்றொன்று. அயல்நாடு என்றால் அந்நிய நாடு. அயல்வீடு என்றால் அடுத்த வீடு. நமக்குச் சிங்களம் எவ்வகையில் அயல்மொழி? அது நமது தாய்மொழி அன்று. ஆனால் அந்நிய மொழியும் அன்று. அடுத்த வீட்டு மொழி. அடுத்த வீட்டு மொழியைக் கற்பதில் உள்ள இலகுவும் இடரும் இக்கட்டுரையின் பொருளாகின்றன.

காகிதத்தோடு பேசுதல்

கெஹெல்கமு ஓயாவின் கரையில், அணைக்கட்டின் அருகே அமைந்த சிற்றூர் நோட்டன் பிரிட்ஜ். 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய லக்சபானை மின்நிலையத்திற்கு நீர் அனுப்புவதற்காக எழுந்தது அந்த அணை. பின்னர், காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீரைக் கொண்டு இயங்கும் விமலசுரேந்திர மின்நிலையமும் 1965இல் அங்கே அமைந்தது. மின்நிலைய ஊழியருள் சிங்களவர் பலர். சூழவுள்ள தேயிலைச் சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் லயங்கள். கடைத்தெருவிலும் பஸ் வண்டியிலும் இரு மொழிகளும் கலந்து ஒலிக்கும். இவ்வூரை அடுத்த தோட்டமொன்றில் நான் பல ஆண்டுகள் கற்பித்தேன். அங்கே கண்ட ஒரு நிகழ்ச்சியை இங்கே கூறவேண்டும்.

கொழுந்து பறிக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருத்தி, ஒருநாள் மாலை ஒரு கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள். அலுவலகம் ஒன்றிலிருந்து வந்த சிங்களக் கடிதம். அவளுக்கு வரவேண்டிய பணம் பற்றியது. அந்த அம்மாள் சிங்களம் பேசுவதிற் கெட்டிக்காரி. கடைவீதியில் விலை பேசுவாள். பஸ் நடத்துனரோடு வாதாடுவாள். மின்நிலையக் குடியிருப்பிலுள்ள சிங்களப் பெண்களுடன் அரைமணி நேரம் நின்று குடும்பக் கதை பேசுவாள். ஆனால் சிங்கள எழுத்தில் ஒன்றையும் அறியாள். கடிதத்தைப் பலரிடம் காட்டியிருக்கிறாள். எழுத்தறிந்த கடைக்காரர் வாசித்தார். அதன் அரசாங்க நடை அவருக்கும் முழுமையாக விளங்கவில்லை. இப்படியே இரு வாரங்கள் கழிந்தன. அவளுடைய பேர்த்தி அப்போது பத்தாம் வகுப்பில் என் மாணவி. இரண்டாம் மொழியாகச் சிங்களம் பயின்றவள். அவளிடம் கொடுத்தபோது அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை எழுத்துப் பிழையின்றி வாசித்தாள். என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டோம். தெரியாது என்று தலை குனிந்தாள்.

“கடையில பேசத் தெரியுது மாஸ்டர்; காயிதத்தோட பேசத் தெரியலியே” என்றாள் கிழவி.

அந்தச் சொல் என் மனத்தில் தைத்தது. ஒரே காம்பராவில் இருவர். ஒருத்திக்கு ஓசையும் பொருளும் தெரியும், எழுத்துத் தெரியாது. மற்றவளுக்கு எழுத்துத் தெரியும், பொருள் தெரியாது. மொழியின் இரு பாதிகளும் ஒரே அடுப்பங்கரையிற் குளிர் காய்ந்துகொண்டிருந்தன, ஒன்றையொன்று சந்திக்கவில்லை. கடிதத்தில் ஆவணம் ஒன்றை அனுப்புமாறு கேட்கப்பட்டிருந்தது. அனுப்பவேண்டிய திகதி நாங்கள் அறியும் முன்னரே கடந்துவிட்டது. பின்னும் பல மாதங்கள் அலைந்தே அவள் தன் காரியத்தை முடித்தாள்.

இது ஒரு கிழவியின் கதை மாத்திரமா? நம் சமூகத்தின் வரலாற்றிற் காகிதங்கள் செய்த தீர்ப்புகளை எண்ணிப் பாருங்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம் மக்களிற் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ எட்டு இலட்சம் பேர் சார்பில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. நுணுக்கமான காரணங்கள் காட்டி விண்ணப்பங்கள் தள்ளப்பட்டன. நம் முன்னோர் மொழி கற்றிருந்தால் அந்த அநீதி நேர்ந்திராது என்று நான் சொல்ல வரவில்லை. அது அரசியல் செய்த அநீதி. ஆயினும், தம் தலைவிதியை எழுதிய காகிதத்தை, வேறொருவர் வாசித்துச் சொல்லக் கேட்டுப் பெருவிரல் பதித்த தலைமுறை அது. அந்நிலை முற்றாக நீங்கியதென்று இன்றும் நாம் சொல்ல முடியுமா?

துரைமார் கற்ற தமிழ்

அயல்மொழியைக் குறைந்த காலத்தில், ஒரு தேவை கருதிக் கற்றவர்கள் நம் தோட்டங்களிலேயே முன்னர் இருந்தார்கள். கடல் கடந்து வந்த வெள்ளைக்காரச் சின்னத்துரைமார் அவர்கள். வந்த சில மாதங்களிலேயே அவர்கள் பிரட்டுக்களத்தில் நின்று தமிழிற் கட்டளையிட்டார்கள். இதற்கென்றே கைந்நூல்கள் இருந்தன. 19ஆம் நூற்றாண்டிற் கொழும்பில் அச்சான அத்தகைய நூலொன்றின் பெயரே ‘இங்கே வா’ என்பது. தலைப்பே ஏவல். நோக்கம் வேலை வாங்குவது. ஆகவே கற்ற மொழியும் வேலை வாங்கும் அளவோடு நின்றது. வா, போ, எடு, வெட்டு, நிறுத்து. எதிரே நிற்பவனை ‘நீங்கள்’ என்று விளிக்கவோ, அவன் வீட்டுத் துக்கத்தை விசாரிக்கவோ அந்தத் தமிழ் போதாது. முப்பது ஆண்டுகள் தமிழரிடையே வாழ்ந்தும் ஏவல் வினைக்கு அப்பால் தமிழறியாமற் கப்பலேறியவர்கள் உண்டு.

இதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. எந்த நோக்கத்தோடு கற்கத் தொடங்குகிறோமோ அந்த நோக்கத்தின் எல்லையில் மொழி நின்றுவிடும். விலை பேசுவதற்காகக் கற்றவன் விலை பேசுவான். பரீட்சைக்காகக் கற்றவன் பரீட்சை எழுதுவான். கிழவிக்கும் பேர்த்திக்கும் நேர்ந்தது இதுவே. முழு மொழியையும் வேண்டுவோன் தொடக்கத்திலேயே முழு மொழியையும் நாடவேண்டும்.

தரங்கம்பாடியில் ஒரு நாள்

அவ்வாறு நாடிய ஒருவரின் அன்றாட வாழ்க்கை நமக்குக் கிடைத்திருப்பது நற்பேறு. 1706ஆம் ஆண்டு ஜூலை மாதம், தம் 24ஆம் பிறந்தநாளுக்கு முந்திய நாளில், தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்க், தமிழ் எழுத்தொன்றையும் அறியார். ஓர் உபாத்தியாயரை அணுகி, அவருடைய திண்ணைப் பள்ளியைத் தம் இல்லத்திற்கே மாற்றச் செய்தார். சிறுவர் நடுவே தாமும் தரையில் அமர்ந்து, அவர்களைப் போலவே மணலில் விரலால் எழுத்துகளை எழுதிப் பயின்றார். ஐரோப்பிய சர்வகலாசாலையிற் பயின்ற இளைஞர், ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மணலில் அமர்ந்தார் என்பதை நம் மாணவர் ஊன்றிக் கவனிக்கவேண்டும். அவர் முதலிற் களைந்தது வெட்கத்தை.

அடுத்து அவர் வகுத்துக்கொண்டது நேரத்தை. தம் நாள் எவ்வாறு கழிகிறது என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். காலை ஏழு மணி முதல் எட்டு மணிவரை, முன்னர்க் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீட்டுப் பார்த்தல். எட்டு மணி முதல் நண்பகல்வரை, தாம் அதற்குமுன் வாசியாத தமிழ் நூல்களை மாத்திரம் வாசித்தல். அப்போது புலவர் ஒருவரும் எழுத்தாளர் ஒருவரும் உடனிருப்பர். புலவர் அருஞ்சொற்களுக்குப் பொருள் விரிப்பார். எழுத்தாளர் புதிய சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலில் மீண்டும் வாசிப்பு. இரவில் விளக்கொளி கண்ணை வருத்தும் என்பதனால், வேறொருவர் உரத்து வாசிக்கத் தாம் கேட்டிருப்பார். எந்த நடையிற் பேசவும் எழுதவும் விரும்பினாரோ அந்த நடையிலுள்ள நூல்களையே அவ்வேளைக்குத் தேர்ந்தார். அவற்றை மீண்டும் மீண்டும் கேட்டார்.

விளைவு என்ன? ஓராண்டு நிறையுமுன் தமிழிற் பேசினார். 1708இற் புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி 1711இல் முடித்தார். அது 1715இல் முழுமையாக அச்சேறியது. 1716இல் அவர் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் ஹாலே நகரில் வெளிவந்தது. 1719இல் அவர் காலமானபோது வயது 36. சமயப் பணிக்காக வந்தவர் என்பது உண்மையே. எனினும், மொழி மாணவர் என்ற வகையில் அவரை எச்சமயத்தாரும் பின்பற்றலாம்.

அவருடைய நாளை உற்று நோக்கினால் நான்கு கூறுகள் புலப்படும். பழையதை மீட்டல், புதியதை வாசித்தல், வாசித்ததை எழுதிவைத்தல், நல்ல நடையைச் செவியாற் கேட்டல். இவற்றுள் ஒன்றையேனும் அவர் மற்றொரு நாளுக்கு ஒத்திவைக்கவில்லை. நம் வகுப்பறைகளிற் சிங்களமும் ஆங்கிலமும் பெறும் நேரத்தில், இந்நான்கினுள் எத்தனை இடம்பெறுகின்றன என்று ஆசிரியர்கள் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வது நன்று.

ஏவலாளும் மொழியறிஞனும்

“அவருக்கு ஓய்வு இருந்தது, புலவரை வைத்துக்கொள்ள வசதி இருந்தது, நமக்கு இரண்டும் இல்லையே” என்று சிலர் கூறலாம். அவர்கட்கு மற்றொரு ஜெர்மானியரைக் காட்டுவேன். பிற்காலத்திற் பழைய திராய் நகரத்தை அகழ்ந்து புகழ்பெற்ற ஹைன்ரிக் சிலீமான், 1840களில் அம்ஸ்டர்டாம் நகரத்து வணிக நிலையம் ஒன்றிற் சொற்ப சம்பளத்திற்கு ஏவல் வேலை பார்த்த இளைஞர். கடிதங்களைச் சுமந்து தெருத்தெருவாக அலைவது அவர் தொழில். மழையிலும் கையில் ஒரு புத்தகத்தோடு நடந்து பாடம் செய்தார். தபாற் கந்தோரிற் காத்து நிற்கும் வேளையில் வாசித்தார். உரத்து வாசிப்பார், தாய்மொழியில் மொழிபெயர்த்துக்கொண்டிராமல் அந்த மொழியிலேயே எண்ணப் பழகுவார், நாள்தோறும் சிறு கட்டுரை எழுதி, ஆசிரியரைக் கொண்டு திருத்தி, திருத்தியதை மனனஞ்செய்து மறுநாள் ஒப்புவிப்பார். ஆங்கில உச்சரிப்பைப் பழகுவதற்கு ஞாயிறுதோறும் ஆங்கிலத் தேவாலயத்திற்குச் சென்று பிரசங்கத்தை மெல்லிய குரலிற் கூடவே சொல்லிவந்தார். ஆறு மாதங்களில் ஆங்கிலம் கைவந்ததாக அவரே எழுதுகிறார்.

ருஷ்ய மொழி கற்றபோது அவருக்கு ஆசிரியர் கிடைக்கவில்லை. தாம் ஒப்புவிப்பதைக் கேட்டிருப்பதற்கு மாத்திரம் ஓர் ஏழை மனிதரைக் கூலிக்கு அமர்த்தினார். அம்மனிதருக்கு ருஷ்ய மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. மெல்லிய சுவருக்கு அப்பால் இருந்தவர்கள் இரைச்சல் பொறாது முறையிட, சிலீமான் இருமுறை வீடு மாறவேண்டியதாயிற்று. நம் லயத்துச் சுவர்களும் மெல்லியவையே. ஒரு காம்பராவில் உரத்து வாசித்தால் அடுத்த காம்பராவிற் சிரிப்பார்கள் என்று நம் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். சிரிப்புக்கு அஞ்சி வாயை மூடியவன் கற்ற மொழி எதுவும் இல்லை. சிரிப்பவர் ஒரு வாரம் சிரிப்பர். மறுவாரம் தம் பிள்ளையையும் அனுப்புவர்.

நாள்தோறும் என்பதில் ஏன் இத்தனை வற்புறுத்தல்? 1885இல் எபிங்ஹவுஸ் என்னும் உளவியல் அறிஞர், தம்மையே சோதனைக்குட்படுத்தி மறதியின் போக்கை அளந்து வெளியிட்டார். கற்றதிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே நழுவுகிறது. அதன்பின் நழுவுதல் மெதுவாகிறது. ஒரே நாளிற் குவித்துக் கற்பதைவிடப் பல நாட்களுக்குப் பங்கிட்டுக் கற்பது குறைந்த உழைப்பில் நிலைக்கிறது என்பன அவர் கண்ட முடிவுகள். சனிக்கிழமை ஐந்து மணி நேரம் தனிவகுப்பில் அமர்ந்து, அடுத்த சனிவரை புத்தகத்தைத் தொடாத மாணவன் ஒவ்வொரு வாரமும் இழந்ததையே மீண்டும் கற்கிறான். நாளுக்கு முப்பது நிமிடம் ஒதுக்குபவன் அவனை ஓராண்டிற் கடந்துவிடுவான்.

எளிதும் அரிதும்

சிங்களத்தைப் பொறுத்தமட்டில் தமிழ் மாணவனுக்குப் பெருஞ்சலுகை ஒன்று உண்டு. ‘மம கெதர யனவா’ என்ற வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘நான் வீட்டுக்குப் போகிறேன்’ என்று அமைகிறது. வரிசையை மாற்றவேண்டியதில்லை, வினை இறுதியில் நிற்கிறது. ஆங்கிலத்திலோ வினை முன்னே வந்துவிடும். அம்மா, அக்கா முதலிய உறவுப் பெயர்களும் இரு மொழிக்கும் பொதுவாயுள்ளன. ஆயினும் அடுத்த வீட்டுச் சொல் நம் வீட்டுச் சொல்லைப் போன்ற தோற்றத்தோடு வேறு பொருள் தருவதும் உண்டு. சிங்களத்தில் ‘தாத்தா’ என்றால் தந்தை. ‘ஐயா’ என்றால் தமையன். ‘மல்லி’ என்றால் தம்பி. இத்தகைய சொற்களைப் பட்டியலிட்டு மனனஞ்செய்வதினும், வாக்கியத்தில் வைத்துப் பழகுவதே தடுமாற்றத்தைத் தீர்க்கும்.

இடர் வேறிடத்தில் இருக்கிறது. தமிழைப் போலவே சிங்களத்திலும் பேச்சு வழக்கு வேறு, எழுத்து வழக்கு வேறு. பேச்சில் ‘மம யனவா’, ‘எயா யனவா’ என்று நானும் அவனும் ஒரே வினையைக் கொள்வோம். எழுத்தில் ‘மம யமி’, ‘ஒஹு யயி’ என்று எழுவாய்க்கேற்ப வினை மாறும். அரசாங்கக் கடிதம் இந்த எழுத்து வழக்கில் வருகிறது. கடைவீதிச் சிங்களம் மிகத் தெரிந்த கிழவிக்கும் கடைக்காரருக்கும் அது பிடிபடாமற் போனதன் காரணம் இதுவே. தமிழ் எழுத்தில் ஒரு ககரம் நிற்கும் இடத்திற் சிங்களத்தில் நான்கு எழுத்துகள் உள்ளன. ஆகவே காதாற் கேட்டு வேறுபாட்டை உணராமல் எழுத்தை மாத்திரம் பயின்றவன் உச்சரிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் தடுமாறுவான்.

இனி, அந்தக் காம்பராவுக்குத் திரும்புவோம். கடித விவகாரத்திற்குப் பின், பேர்த்திக்கு நான் ஓர் ஒழுங்கைச் சொன்னேன். விலை கொடுத்து வாங்கவேண்டியது எதுவும் அதில் இல்லை. மாலையிற் கிழவி அடுப்படியில் இருக்கும்போது, பழைய சிங்களப் பத்திரிகையிலிருந்து ஒரு சிறு பந்தியைப் பேர்த்தி உரத்து வாசிக்கவேண்டும். கிழவி தனக்கு விளங்கியதைத் தமிழிற் சொல்லவேண்டும். விளங்காத சொற்களைப் பேர்த்தி குறித்துக்கொண்டு, மறுநாள் பாடசாலையிற் சிங்கள ஆசிரியையிடம் கேட்கவேண்டும். பின்னர்ப் பேர்த்தி ஐந்து வாக்கியங்களைத் தானே எழுதவேண்டும். காலையிற் பாடசாலைக்கு நடக்கும் வழியில், முந்திய நாள் எழுதியவற்றை வாய்விட்டுச் சொல்லவேண்டும். சீகன்பால்குக்குப் புலவரும் எழுத்தாளரும் வாய்த்தார்கள். இவளுக்குக் கிழவியும் ஆசிரியையும் வாய்த்தார்கள்.

முதல் மாதம் சலிப்பு. இரண்டாம் மாதம் கிழவி தானே பேர்த்தியை வாசிக்க அழைக்கத் தொடங்கினாள். பத்திரிகையிலுள்ள கொலைச் செய்தி எப்படி முடிந்தது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஓராண்டு நிறையுமுன் அந்த லயத்திற்கு வந்த சிங்களக் கடிதங்களைப் பேர்த்தி வாசித்துப் பொருள் சொன்னாள். இரண்டொரு கடிதங்களுக்குப் பதிலும் எழுதினாள். ஆசிரியை அவற்றிற் சில பிழைகளைத் திருத்தினார். ஆனால் கருத்து விளங்காத வாக்கியம் ஒன்றும் இருக்கவில்லை. அற்புதம் எதுவும் நிகழவில்லை. நாளுக்கு அரைமணி நேரம், ஏறத்தாழ முந்நூறு நாட்கள், அவ்வளவே.

இன்று மாணவர் கையிற் கைபேசி இருக்கிறது. அகராதியும் ஒலிப்பதிவும் விரல் நுனியில் உள்ளன. சிலீமான் கூலி கொடுத்துப் பெற்ற உதவியை இன்று செலவின்றிப் பெறலாம். தாம் வாசித்ததைப் பதிவு செய்து தாமே கேட்டுத் திருத்திக்கொள்ளவும் முடியும். ஆனால், அதே கருவி அந்த அரைமணி நேரத்தைக் களவாடவும் வல்லது. குறித்த வேளையில் எடுத்து, குறித்த வேளையிற் கீழே வைக்கும் கட்டுப்பாடு இல்லாதவனுக்கு அது உதவாது.

உரிமையும் திறமையும்

இங்கே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். “1956ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டத்தால் துன்புற்ற நாம், 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாகும் நிலையைப் பெற்றோம். தமிழிற் கடிதம் பெறுவது நமது உரிமை. அவ்வாறிருக்கச் சிங்களம் கற்குமாறு சொல்வது உரிமையைக் கைவிடச் சொல்வதாகாதா?” என்று நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்தக் கிழவிக்குக் கடிதம் தமிழில் வந்திருக்கவேண்டும். அவ்வாறு வராதது அலுவலகத்தின் குற்றமேயன்றி அவளுடைய குற்றமன்று. அதைச் சுட்டிக்காட்டி முறையிட நாம் தயங்கக்கூடாது. ஆனால், உரிமை நிறைவேறும் நாள்வரை கடிதம் முடிச்சிலே கிடக்கலாமா? தமிழிற் பதில் வேண்டும் என்று சிங்களத்திலும் எழுதத் தெரிந்தவன், உரிமையை விட்டவனாகான். அதைக் கேட்டுப் பெறும் வலிமை கூடியவனாவான். கடமை ஒருபக்கத்தது அன்று என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். 2007 ஜூலைக்குப் பின் அரச சேவையிற் சேர்வோர் ஐந்து ஆண்டுகளுக்குள் மற்ற அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும் என்று அரசாங்கச் சுற்றறிக்கை ஒன்று விதித்தது. அதன்படி தமிழ் கற்கப் புகுந்த சிங்கள உத்தியோகத்தருக்கும் இக்கட்டுரை பொருந்தும். சான்றிதழுக்காகக் கற்ற தமிழ் சான்றிதழோடு நிற்கும். கருமபீடத்திற்கு வரும் தொழிலாளியோடு நாளுக்குப் பத்து வாக்கியம் பேசிக் கற்ற தமிழ் நிலைக்கும்.

மற்றொரு அச்சம், பிறமொழி வந்தால் தமிழ் தேயும் என்பது. என் அனுபவம் இதற்கு மாறானது. தமிழில் ஒரு பந்தியைப் பொருளுணர்ந்து வாசிக்கத் தெரியாத பிள்ளை, எம்மொழியிலும் அவ்வாறு வாசிப்பதில்லை. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வேறு என்பதைத் தமிழில் நன்கு உணர்ந்த மாணவனே சிங்களத்தில் அந்த வேறுபாட்டை விரைவாகப் பற்றிக்கொள்கிறான். ஆகவே தமிழாசிரியர்களே, உங்கள் பணியும் இதில் அடங்கியிருக்கிறது. தமிழை ஊன்றிக் கற்பிப்பவர், அறிந்தோ அறியாமலோ, பிறமொழிக்கும் அடித்தளம் இடுகிறார்.

கடிதம் வாசிப்பதோடும் நாம் நின்றுவிடக்கூடாது. மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, ஆங்கிலத்தைத் தம் வயப்படுத்திக்கொண்டு தேயிலைத் தோட்டத்து மக்களின் துயரை ஆங்கிலக் கவிதையிற் பாடினார்; நம் மக்களை அறியாதவர்களும் அவர் வாயிலாக அறிந்தனர். மார்ட்டின் விக்கிரமசிங்கவின் ‘கம்பெரலிய’ நாவலை ம. மு. உவைஸ் தமிழாக்கியதால், தென்னிலங்கைக் கிராமமொன்றின் உள்வீட்டு வாழ்வு நமக்குத் தெரியவந்தது. இத்தகையோர் இன்னும் பலர் வேண்டும். மலையகத்து இளைஞரைப் போலச் சிங்களத்தைத் தினமும் காதிற் கேட்கும் வாய்ப்புப் பெற்ற தமிழ் இளைஞர் இந்நாட்டில் மிகப் பலர் இல்லை. அவர்களிடையே மொழிபெயர்ப்பாளர் தோன்றாவிடில் வேறெங்கே தோன்றுவர்?

நம் இலக்கிய வட்டங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒரு விழா எடுப்பதோடு, வாரத்திற்கு ஒருமுறை சிங்கள வாசிப்பு வட்டம் ஒன்றையும் நடத்துங்கள். மின்நிலையக் குடியிருப்பிலுள்ள சிங்கள இளைஞரையும் அழையுங்கள். அவர்கள் தமிழ் வாசிக்கட்டும், நீங்கள் சிங்களம் வாசியுங்கள். ஒருவர் பிழையை ஒருவர் திருத்துங்கள். மாணவர்கள் வாரம் ஒருமுறை கூடட்டும்; மற்ற ஆறு நாட்களும் வீட்டில் அரைமணி நேரம் வாசிக்கட்டும்.

நோட்டன் பிரிட்ஜில் வாழ்வோர் நாள்தோறும் காணும் காட்சி ஒன்று உண்டு. மேலே காசல்ரீயிற் பெருநீர் தேங்கியிருக்கிறது. இங்கேயுள்ள குளமோ சிறிது. ஆயினும் மேலிருந்து வரும் நீரைப் பெற்று, அதைக் கீழேயுள்ள லக்சபானைக்கு இடையறாது அனுப்பிக்கொண்டிருப்பது இந்தச் சிறு குளமே. எவ்வளவு நீர் தேங்கியிருந்தாலும், அது குழாயில் இறங்கி ஓடினாலன்றி விளக்கு எரிவதில்லை. நம் பிள்ளைகள் பாடசாலையில் ஆண்டுக்கணக்காகத் தேக்கிய சிங்களமும் ஆங்கிலமும் நாள்தோறும் சிறிதளவேனும் ஓடட்டும். இன்று மாலையே ஒரு பந்தியை உரத்து வாசிப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.